மங்கிய முன்விளக்கு: காரணமும் நிவர்த்தியும்

இரவில் கார் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளுள் ஒன்று, தங்கள் வண்டியின் முன்விளக்குகள் முன்போல் வெளிச்சம் தருவதில்லை என்பது. இதைக் கேட்டவுடனே உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பல்பை மாற்றுங்கள்; அதுவும் அதிக வாட் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள். கேட்டவரும் அவ்வாறே செய்து சில நாள் திருப்தி அடைகிறார். பிறகு பழைய மங்கலோடு ஹோல்டர் உருகும் நாற்றமும் சேர்ந்துகொள்ள, மறுபடியும் அதே கடைப் படியை ஏறுகிறார். காரணத்தை ஆராயுமுன் பரிகாரத்தை விலைக்கு வாங்கிவிடும் இந்த வழக்கம் எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவு நஷ்டமும் தருவது.

உண்மையில் மங்கல் என்பது ஒரு குறையன்று. பல குறைகள் ஒரே தோற்றத்தோடு வெளிப்படும் விளைவு. என்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டரில் உண்டாகும் மின்சாரம் ஒயர்களையும் சுவிட்சுகளையும் கடந்து, பல்பின் இழையில் ஒளியாகி, பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்பி, முன்கண்ணாடியை ஊடுருவிச் சாலையில் விழுந்து, அங்கிருந்து மீண்டு ஓட்டுகிறவரின் கண்ணை அடைய வேண்டும். இக்கட்டங்களில் நேரும் இழப்புகள் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் சேர்கின்றன. ஒயரிங்கில் ஐந்தில் ஒரு பங்கும், எஞ்சியதில் பழைய பல்பினால் ஐந்தில் ஒரு பங்கும், அதிலும் எஞ்சியதில் மஞ்சளேறிய கண்ணாடியால் ஐந்தில் ஒரு பங்கும் போய்விட்டால், தனித்தனியே அற்பமாகத் தோன்றும் அம்மூன்றும் சேர்ந்து முதலில் இருந்த ஒளியில் பாதியை உண்டுவிடுகின்றன. ஆகையால் குற்றவாளி யார் என்று ஒருவரைத் தேடுவதைக் காட்டிலும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுப்பதே உசிதமான முறை.

இந்த இழப்பு அற்பமானதன்று என்பதற்கு ஒரு கணக்கே போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுகிறவர் தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். நல்ல டயரும் உலர்ந்த சாலையும் வாய்த்தாலும், நிற்பதற்கு இன்னும் 40 மீட்டர் வேண்டும். கறுத்த உடை அணிந்து சாலையைக் கடக்கும் ஒருவரைக் குறைந்த ஒளியில், அதாவது டிம் போட்ட நிலையில், அத்தனை தூரத்தில் காண்பது நல்ல விளக்குக்கே அரிது. அவ்விளக்கும் பாதியாகிவிட்டால் என்ன சொல்வது? ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறையும் ஒளிக்குக் கண் தன்னைப் பழக்கிக்கொண்டே வருவதால், பாதி போன பிறகுதான் பலருக்குச் சந்தேகமே எழுகிறது.

காலந்தோறும் மாறிய குறை

முன்விளக்கின் சரித்திரத்தைச் சற்று நோக்கினால், ஒவ்வொரு காலத்து விளக்குக்கும் அதற்கே உரிய பலவீனம் ஒன்று இருந்திருப்பது தெரியும். ஆதியில் கார்பைடு கல்லில் நீர் சொட்டவிட்டு எடுத்த அசிட்டிலீன் வாயுவே எரிந்தது. 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒருங்கே கொண்டுவந்த பிறகு அது படிப்படியாக மறைந்தது. டைனமோ பொருத்திய கார்களில், நம் நாட்டுப் பழைய அம்பாசடரும் ஃபியட்டும் உட்பட, என்ஜின் மெதுவாக ஓடும்போது மின் உற்பத்தி குன்றுவதால் விளக்கும் சிவந்து சோர்ந்துவிடும். வேகம் கூடினால் தெளியும். அமெரிக்காவில் 1940-இல் வந்த ‘சீல்டு பீம்’ விளக்கில் இழையும் பிரதிபலிப்பானும் கண்ணாடியும் ஒரே உறையாக மூடப்பட்டிருந்தமையால், இழை அறுந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அதனாலேயே அதன் கண்ணாடி முதுமை அடைந்து மங்கியதில்லை.

ஐரோப்பாவில் 1962-இல் ஹாலோஜன் பல்பும், 1971-இல் டிம், பிரைட் ஆகிய இரண்டு இழைகளையும் ஒரே குமிழில் அடக்கிய எச்4 பல்பும் தோன்றின. இன்றும் நம் சாலைகளில் ஓடும் கார்களுள் மிகப் பலவற்றில் இருப்பது இந்த எச்4 தான். பல்பின் சக்தி ஏறியபோதும், பல கார்களில் அதற்குப் போகும் ஒயர் பழைய கனத்திலேயே இருந்துவிட்டமையால், ஒயரிங்கின் குறை தலைதூக்கியது. பின்னர் 1980-களில் கனத்த கண்ணாடிக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் மூடி பரவியது; அதனோடு வெயிலில் மஞ்சளாகும் குறையும் பரவியது. ஆகவே காரின் வயதையும் அமைப்பையும் அறிந்த மாத்திரத்தில், எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

கருவியின்றி அறியும் குறிகள்

மீட்டரை எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சில உண்டு. ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கினால், மின்சாரம் இரண்டாகப் பிரிந்த இடத்துக்கு அப்பால், அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த், கண்ணாடி இவற்றுள் ஒன்றே காரணம். இரண்டும் ஒருங்கே மங்கினால், பேட்டரி, ஆல்டர்னேட்டர், சுவிட்ச் முதலிய பொதுவான பாகங்களையோ, ஒரே வெயிலில் ஒன்றுபோல் முதிர்ந்த இரண்டு மூடிகளையோ சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒளி கூடினால், தளர்ந்த பெல்ட்டும் சார்ஜிங் குறையும் நினைவுக்கு வர வேண்டும். இண்டிகேட்டரின் துடிப்போடு ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தால், எர்த் இணைப்பு கெட்டிருப்பது ஏறக்குறைய நிச்சயம்.

இவை எல்லாவற்றிலும் பயனுள்ள குறி ஒளியின் நிறம். பல்பின் இழை மஞ்சளும் சிவப்பும் கலந்து எரியுமானால், அதற்கு வேண்டிய வோல்ட் வந்து சேரவில்லை. இழை வெள்ளையாகப் பிரகாசித்தும் சாலை இருண்டே கிடக்குமானால், மின்சாரத்தில் குற்றமில்லை. கண்ணாடியிலோ, பிரதிபலிப்பானிலோ, விளக்கின் திசையிலோ இருக்கிறது குற்றம். இந்த ஒரு பேதத்தைக் கவனித்தாலே ஆராய்ச்சியின் பாதி தூரம் கடந்ததாகும்.

வோல்ட்டின் கணக்கு

இழைப் பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் கூடிக் குறைவதன்று. வோல்ட்டின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கைத் தொடர்வது. எச்4 பல்பின் டிம் இழை 13.2 வோல்ட்டில் 1,000 லூமென் ஒளி தர வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். அதே பல்புக்கு 12 வோல்ட்டே கிடைத்தால் ஒளி ஏறத்தாழ 720 லூமெனாகவும், 11 வோல்ட்டே கிடைத்தால் 540 லூமெனாகவும் இறங்கிவிடுகிறது. ஆறில் ஒரு பங்கு வோல்ட் குறைந்ததற்குக் கிட்டத்தட்டப் பாதி ஒளி அபராதம். பேட்டரி நன்றாக இருக்கிறது, பல்பு புதியது, ஆயினும் விளக்கு மங்கல் என்று திகைப்பவர்களில் அநேகருடைய திகைப்புக்கு விடை இதுவே.

அந்த வோல்ட் எங்கே போகிறது? ரிலே என்னும் இடைச் சுவிட்ச் இல்லாத பழைய கார்களில் இரண்டு விளக்குகளுக்கும் வேண்டிய சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு வந்து, ஸ்டியரிங் அருகிலுள்ள காம்பினேஷன் சுவிட்சினுள் புகுந்து, மறுபடியும் வண்டியின் முகப்புக்குத் திரும்புகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செப்பு ஒயரில் ஐந்து மீட்டர் தூரம் அது ஓடினால், ஒயரில் மட்டுமே ஏறத்தாழ 0.9 வோல்ட் கழிந்துவிடும். சுவிட்சின் தேய்ந்த முனைகளும், கப்ளர்களும், ஃபியூஸின் பிடிகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே பல்புக்கு.

பல்பிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மின்சாரம் திரும்பும் எர்த் பாதையைப் பலர் மறந்தே போகிறார்கள். பெயின்ட்டின் மேல் முடுக்கிய திருகும், துருவேறிய தகடும், உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் லக்குகளில் பச்சை பூத்து நிற்கும் களிம்பும், மின்சாரம் புறப்படும் பாதையில் உள்ள எந்தத் தடைக்கும் இளைத்தவை அல்ல. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வதும் செம்பிற் களிம்பைத்தான். அங்கே அது செம்போடு கூடவே பிறந்தது. இங்கே ஈரமும் உப்பும் கொண்டுவந்து சேர்த்தது. ஆதலால் உப்புத்தாளும் ஸ்பானரும் கொண்டே நீக்கத்தக்கது.

அளக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை அவசியம். பல்பைக் கழற்றிவிட்டு, வெறும் கப்ளரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் முழுமையாகக் காட்டும். பார்த்தவர் ஒயரிங் சுத்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மின்சாரம் ஓடாதபோது தடையினால் இழப்பும் இல்லை என்பதே இந்த மயக்கத்துக்குக் காரணம். பல்பு தன் இடத்தில் எரிந்துகொண்டிருக்கும்போதே, என்ஜினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையைக் கப்ளரின் பின்புறம் நுழையும் டிம் ஒயரின் முனையிலும் வைக்க வேண்டும்; மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட். அவ்வாறே பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மறுமுறை அளக்க வேண்டும். புறப்படும் பாதையில் அரை வோல்ட்டுக்கு மேலும், எர்த் பாதையில் 0.2 வோல்ட்டுக்கு மேலும் தொலைந்தால், பகுதி பகுதியாக முன்னேறிக் குற்றமுள்ள இணைப்பைப் பிடித்துவிடலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, என்ஜின் ஓட, விளக்குகள் எரியும் நிலையில் பேட்டரி முனைகளில் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கிறதா என்று பார்ப்பது முதற்படி. அது இல்லையெனில் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் சரிசெய்யாமல் மேலே போவது வீண்.

நிவர்த்தி எளிதே. எர்த் முனைகளை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, புதிய லக் வைத்து முடுக்கி, வாசலின் பூச வேண்டும். கருகிய ஹோல்டருக்குப் பதிலாகப் பீங்கான் ஹோல்டர் போட வேண்டும். ரிலே இல்லாத கார்களில் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களை விளக்குகளின் அருகில் பொருத்தி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ரிலேயின் 30-ஆம் முனைக்கும், 87-ஆம் முனையிலிருந்து பல்புக்கும் கொண்டுசெல்ல வேண்டும்; பழைய ஒயர் 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள சுருளை மட்டுமே இயக்கும். பாதை ஒன்றரை மீட்டராகக் குறுகி ஒயரும் கனத்துவிடுவதால், 0.9 வோல்ட் இழப்பு 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். காம்பினேஷன் சுவிட்சும் சூடேறாமல் நெடுநாள் உழைக்கும். ஆனால் கம்ப்யூட்டர் மூலம் விளக்கை இயக்கும் இக்காலக் கார்களில், மின்சாரம் துடிப்பு துடிப்பாக அனுப்பப்படுவதும் உண்டு. ஆதலால் சாதாரண மீட்டரின் கணக்கு அங்கே ஏமாற்றலாம். ஒயரை வெட்டி ரிலே சேர்ப்பதும் தவறு.

பல்பைப் பற்றிய வாதங்கள்

அதிக வாட் பல்பை ஆதரிப்பவர்களின் அபிப்பிராயத்தை மேற்சொன்ன கணக்கின் வெளிச்சத்தில் இனிப் பரிசீலிக்கலாம். 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100/90 வாட் பல்பைப் போட்டால், டிம்மில் மின்சாரம் சுமார் 9 ஆம்பியரிலிருந்து 15 ஆம்பியராக ஏறுகிறது. அதே மெல்லிய ஒயரில் வோல்ட் இழப்பும் அந்த விகிதத்தில் ஏறுகிறது. ஒயரில் உண்டாகும் சூடோ இரண்டரை மடங்குக்கும் மேல் போகிறது. ஆகவே வாங்கிய வாட்டில் ஒரு பகுதி சாலைக்குப் போகாமல் ஒயரையும் சுவிட்சையும் வேகவைக்கச் செலவாகிறது; மிஞ்சிய சூடு பிரதிபலிப்பானின் அலுமினியப் பூச்சைக் கெடுக்கிறது. ‘நூறு சதவீதம் அதிக ஒளி’ என்று விற்கப்படும் பல்புகள் வாட்டில் மாறாதவை. அவற்றின் பெருமை சாலையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும் ஒளியைப் பற்றியதே அன்றி மொத்த ஒளியைப் பற்றியதன்று. விலையாக ஆயுளைக் கேட்பவை. நீலம் பூசிய பல்பு கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும், அந்தப் பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

ஆயினும் பல்பு கிழப்பருவம் அடைவது மெய்யே. ஹாலோஜன் குமிழில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன், அயோடின் அல்லது புரோமின் வாயுவின் உதவியால் மறுபடியும் இழையிலேயே படிகிறது. குமிழ் போதிய அளவு சூடாக இருந்தால்தான் இந்தச் சுழற்சி நடக்கும். உட்புறம் கறுத்த குமிழைக் கண்டால், ஜோடியாகவே மாற்றுவது நலம். மாற்றும்போது குமிழை விரலால் தொடலாகாது. கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மிகையாகச் சூடேறிப் பல்பைக் கெடுக்கும். பல்பின் மூன்று காதுகளும் தம் பள்ளங்களில் சரியாகப் பதியாவிட்டால், விலையுயர்ந்த பல்பின் ஒளியும் மரக்கிளைகளுக்கே பயன்படும்.

மூடியும் பிரதிபலிப்பானும்

பிளாஸ்டிக் மூடி வெயிலின் புற ஊதாக் கதிர்களால் தன் காப்புப் பூச்சை இழந்து, மஞ்சளாகிப் பின் புகைமண்டி நிற்கிறது. இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதை, அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018-இல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது: மிகவும் மங்கிய மூடிகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே வெளியே விட்டன; மெருகூட்டியபின் சுமார் 70 சதவீதம் மீண்டது. வெளிநாட்டுக் கார்களைக் கொண்டு செய்த பரிசோதனையாயினும், ஆண்டு முழுதும் வெயிலில் நிற்கும் நம் கார்களுக்கு அது பொருந்தாமல் போக நியாயமில்லை.

பற்பசை தேய்த்துப் பளபளப்பாக்கும் யுக்தி பிரசித்தம். மேலோட்டமான புகையை அது நீக்கும். காப்புப் பூச்சைத் திருப்பித் தராது. ஆகையால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். நிலையான முறை, 800 எண்ணில் தொடங்கி 1500, 2000, 3000 என்று படிப்படியாக நுண்மையாகும் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, முடிவில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிப்பது. கடைசிப் படியை விட்டவர் முன் படிகளை மீண்டும் செய்ய நேரும். மூடியின் உட்புறத்தில் தூசியும் ஈரமும் படிந்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. பிரதிபலிப்பானின் அலுமினியப் பூச்சு உதிர்ந்து போயிருந்தால் பரிகாரம் மாற்றுவது ஒன்றே. துணியால் துடைக்கத் தொடங்கினால், எஞ்சிய பூச்சும் துணியோடு வந்துவிடும்.

திசையும் கண்ணும்

நிறைந்த ஒளி இருந்தும் அது விழவேண்டிய இடத்தில் விழாவிட்டால், ஓட்டுகிறவருக்கு மங்கலே அனுபவம். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று பல கார்களில் உண்டு. பின்னால் பாரம் ஏற்றும்போது விளக்கைத் தாழ்த்துவதற்காக வைத்த அதனை, யாரோ 3-இல் நிறுத்திவிட்டுப் போக, ஆண்டுக்கணக்கில் பம்பரின் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சமதரையில், டயர்க் காற்றைச் சரிபார்த்து, ஓட்டும் இடத்தில் ஒருவரை அமர்த்தி, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தினால், டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 சென்டிமீட்டர் அளவு தாழ்ந்திருப்பதே பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்த விளிம்பு இடது கோடியில் மட்டும் சற்று மேலேறும். வலப்பக்கம் மேலேறினால், அது வேறு நாட்டுச் சாலைக்காகச் செய்த விளக்கு. எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. டிம் இழையின் அடியிலேயே உலோக மறைப்பு அமைந்த விளக்குக்கு அது ஒளியைக் குறைப்பதே அன்றி வேறு உபகாரம் செய்வதில்லை.

எல்லாப் பரீட்சைகளும் தேறிய பிறகும் சாலை இருண்டிருந்தால், விண்ட்ஷீல்டின் உட்புறத்து எண்ணெய்ப் படலத்தையும், அதன் பின் ஓட்டுகிறவரின் கண்ணையும் நோக்க வேண்டும். அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்கே என்று கண்ணியல் சொல்லுகிறது. கண்புரை தொடங்கியிருந்தால் இன்னும் குறைவு. விளக்குக்காக மீண்டும் மீண்டும் செலவழிப்பவர் ஒருமுறை கண் மருத்துவரையும் பார்ப்பது வீண் செலவாகாது.

எல்.இ.டி. பல்பு என்னும் பிரச்சினை

இன்றைய விவாதத்தில் முதலிடம் பெறுவது, ஹாலோஜன் விளக்கினுள் எல்.இ.டி. பல்பைப் பொருத்தலாமா என்பது. எல்.இ.டி.க்காகவே கட்டிய விளக்கைப் பற்றிய கேள்வி அன்று இது. அதன் மேன்மையை யாரும் மறுப்பதற்கில்லை. பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும், குறித்த இடத்தில் குறித்த நீளத்தில் நிற்கும் மெல்லிய இழை ஒன்றைக் கருதியே கணிக்கப்பட்டது. அந்த இடத்தில் தட்டையான இரண்டு பக்கங்களில் ஒளி விடும் வேறொன்றை வைத்தால், ஒளி அதிகமாகிறது, ஒழுங்கு சிதறுகிறது. அண்மையில் உள்ள தரை வெளுத்து ஒளிர்வதால் ஓட்டுகிறவருக்குத் திருப்தி. அந்த வெளுப்புக்கே விழி சுருங்கிவிடுவதால் தூரத்துப் பொருள் முன்னைவிட மறைகிறது. எதிரே வருபவருக்கோ கண் கூசுகிறது. ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் ஒரு பல்புக்கு அனுமதி கிடைத்தபோதும், எந்தக் காரின் எந்த விளக்கில் பரிசோதித்துத் தேறியதோ அதற்கு மட்டுமே அது அளிக்கப்பட்டது. பல்பும் விளக்கும் பிரிக்கலாகாத ஜோடி என்ற கொள்கையே அந்த நிபந்தனையின் அடிப்படை. பெட்டியின் மேல் அச்சிட்ட லூமென் எண்ணிக்கையைக் கண்டு வாங்குகிறவர் மறந்துவிடுவது இதைத்தான்.

முடிவு

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது ஓர் ஒழுங்குமுறை. செலவில்லாதவற்றை முதலில் பார்க்க வேண்டும்: மூடியின் அழுக்கு, விளக்கைத் தாழ்த்தும் சக்கரம், பல்பு பதிந்த விதம், விளக்கின் திசை. அடுத்து, எரியும் நிலையில் வோல்ட்டை அளந்து, எர்த்தையும் இணைப்புகளையும் செம்மைசெய்ய வேண்டும். பிறகு மூடிக்கு மெருகு. அதன் பின்னரே காருக்கு உரிய வாட்டில் தரமான புதுப் பல்பு. எல்லாம் தவறினால் விளக்கு முழுவதையும் மாற்றுவது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பெரிய பல்பில் தொடங்குகிறவர், தம் வண்டியின் மிகப் பலவீனமான கண்ணியின் மேல் அதிகப் பாரத்தை ஏற்றுகிறார். அதோடு, எதிரே வரும் அறிமுகமற்ற ஒருவரின் பார்வையையும் பறிக்கிறார். தொழிற்சாலை கொடுத்த ஆயிரம் லூமெனை முழுமையாகச் சாலையில் விழச்செய்தாலே பெரும்பாலான புகார்கள் தீர்ந்துவிடும். ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரின் விலை ஒரு ஜோடி நல்ல பல்பின் விலைக்கு மேற்படுவதில்லை. அதை முதலில் வாங்குகிறவருக்கு, பல்பை வாங்குவது அவசியந்தானா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.